படகு டெக்குக்குள் கட்டிப்பால் வாடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆயர் தாவாரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை, அதற்குப் பின்னாலும் செம்பனை. அந்த இடத்தில், என் பட்டறைக் கொட்டகையை ஒட்டி, 24 அடிப் பாய்மரப் படகு ஒன்று எட்டு மாதமாக மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. குலை ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். கோயிலுக்குப் போகும் வழியில் பாட்டிமார் நின்று, "தம்பி, இத எப்படி ஊருக்குள்ள கொண்டாந்த?" என்று கேட்பார்கள். லாரியில்தான் கொண்டு வந்தேன். படகின் அகலம் எட்டு அடிதான் என்பதால் சாலையில் பெரிய தொல்லை இல்லை.

எனக்குத் தொழில் ஃபைபர், அதாவது கண்ணாடி நார்த் துணியில் ரெசின் என்னும் பசையைப் பூசி இறுக வைப்பது. தண்ணீர்த் தொட்டி, மீன் வளர்ப்புத் தொட்டி, லாரிக்கு முன்பக்க மட்கார்டு, எப்போதாவது பந்தாய் ரெமிஸ் பக்கத்து மீன்பிடிப் படகுக்கு ஒட்டு வேலை. 18 வருடமாகப் பாலியஸ்டர் ரெசினோடு வாழ்கிறேன். கடலோர ஊரான லூமூட்டில் வெளிநாட்டுக்காரர்கள் பாய்மரப் படகுகளைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். புயல் எட்டாத பக்கம் என்பதால் வருடக்கணக்கில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படி விடப்பட்ட ஒன்றை, வயதான ஒருவர், இனிமேல் தன்னால் கடலுக்குப் போக முடியாது என்று சொல்லி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு எனக்குக் கொடுத்தார். சிறுவயதிலிருந்தே பங்கோர் படகுத்துறையில் நின்று பாய் விரிவதைப் பார்த்து ஏங்கியவன் நான். அதனால் யோசிக்காமல் வாங்கினேன்.

வாங்கிய அன்றே தெரிந்துவிட்டது. முன்பக்கத்து டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. இடப்பக்க ஓரத்தில், பிடிகயிறு கட்ட நிற்கும் ஸ்டாஞ்சியன் கம்பியை அசைத்தால் அடியோடு சேர்ந்து டெக்கும் அசைந்தது. நான் கட்டுகிற தொட்டிகளில் இப்படி ஒரு அசைவைப் பார்த்ததே இல்லை. தொட்டி என்றால் ஃபைபர் மட்டும்தான், உடைந்தால் விரிசல் தெரியும். இது வேறு சாதி.

பெரும்பாலான பாய்மரப் படகுகளின் டெக் முழு ஃபைபர் இல்லை. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் லேசான ஒரு பொருள். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்கும் இல்லையா, அந்த வேலையைத்தான் நடுப்பொருள் செய்கிறது. இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் குறைந்த எடையில் அவ்வளவு விறைப்பு. என் படகில் மேல்தோல் மூன்றரை மில்லிமீட்டர், நடுவில் 12 மில்லிமீட்டர் பால்சா மரம், கீழ்த்தோல் இரண்டு மில்லிமீட்டர். பால்சா பெரும்பாலும் தென் அமெரிக்காவின் எக்குவடோரிலிருந்து வருகிற மரம். ஒரு கன மீட்டர் சுமார் 150 கிலோதான். நம்ம ரப்பர் மரம் ஏறக்குறைய 600 கிலோ வரும் என்றால் வித்தியாசம் புரியும். சின்னச் சின்னக் கட்டைகளாக அறுத்து, நார் மேலும் கீழும் ஓடும்படி நிறுத்தி வைப்பார்கள். பக்கவாட்டில் தண்ணீர் சீக்கிரம் பரவாமல் இருக்க அது உதவும். ஆனால் கட்டைகளுக்கு இடையே இருக்கும் கீறல்களை ரெசினால் நிரப்பாமல் விட்டிருந்தால், அந்தக் கீறல்களே வாய்க்கால் ஆகிவிடும். என் படகில் ஆனது அதுதான்.

அட்டைப்பெட்டி நனைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். டெக்கும் அப்படித்தான். மரம் ஊறி, தோலோடு இருந்த பிடியை விட்டுவிடும். பிறகு அழுகும். மேலே பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஃபைபர் வழியாக இல்லை. மனிதர்கள் போட்ட துளைகள் வழியாகத்தான். கயிறு கட்டும் கிளீட்டுக்கு நான்கு போல்ட், ஒவ்வொரு ஸ்டாஞ்சியனுக்கும் நான்கு, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் வந்து சேரும் செயின்பிளேட், கூரைக் கதவின் சட்டம், காற்றுக் குழாய். டெக்கில் இருக்கிற துளைகளை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். 83. ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ஒட்டுப்பசை வைத்திருக்கிறார்கள். அது காய்ந்து வெடிக்க, மழை உள்ளே இறங்கியிருக்கிறது. துளைக்குள் மரம் வெறுமனே இருந்தால் ஒரு சொட்டு போதும்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று அறிய, விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற காது இருந்தால் போதும். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாகப் பேசும். கெட்ட இடம் 'தொப்' என்று அடங்கிப்போகும். தட்டத் தட்ட மெழுகுப் பென்சிலால் கோடு போட்டேன். மாலையில் பார்த்தபோது டெக்கில் ஒரு வரைபடம் விரிந்திருந்தது: முன்பக்கத்தில் ஒரு பாய் அளவு, இடப்பக்க ஸ்டாஞ்சியன் அருகே ஒரு தட்டு அளவு, செயின்பிளேட்டைச் சுற்றி இன்னொன்று. பிறகு படகுக்கு உள்ளே போய், கீழ்த்தோலில் ஆங்காங்கே சின்னத் துளை போட்டு, டிரில்லில் சுற்றி வரும் தூளைப் பார்த்தேன். வெள்ளையாக, உலர்ந்து உதிர்ந்தால் நல்ல மரம். பழுப்பாக, ஈரமாக வந்தால் ஊறியிருக்கிறது. கருப்புச் சேறு வந்தால் பேச்சே இல்லை. தட்டிப் போட்ட கோட்டைவிட ஈரம் எல்லாப் பக்கமும் ஒரு சாண் தள்ளியே இருந்தது. காது சொல்லும் எல்லைக்கு வெளியே ஒரு சாண் கூடக் கெட்டிருக்கும் என்று அப்போதே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் பணம் இழக்கிறார்கள். டெக்கைத் திறக்கப் பயந்து, ஸ்டாஞ்சியன் பக்கத்தில் 40 துளை போட்டு, ஒரு வாரம் ஃபேன் வைத்து உலர்த்தி, ஊசிக் குழாயால் எப்பாக்ஸியை, அதாவது இரண்டு பாகம் கலந்தால் இறுகும் இன்னொரு வகை ரெசினை, உள்ளே ஏற்றினேன். அப்போது படகு லூமூட்டிலேயே இருந்தது. இரண்டு நாள் கல் மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்துத் தட்டினால் மறுபடியும் 'தொப்'. பின்னால் அந்த இடத்தைத் திறந்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் போட்ட ஒவ்வொரு துளையிலும் எப்பாக்ஸி ஒரு தடித்த ஆணி மாதிரி தனியாக நின்றது. ஆணிகளுக்கு நடுவே மரம் அப்படியே ஊறிக் கிடந்தது. நம் ஊர்க் காற்றில், விரல் நுழையாத துளை வழியாக, இரண்டு தோலுக்கு நடுவே மாட்டிய ஈரம் வெளியேறவே செய்யாது. ஈர மரத்தில் எப்பாக்ஸி ஊறவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது. மரம் உலர்ந்து, தோல் மட்டும் பிரிந்திருந்தால் ஊசி வழி உதவும். ஊறிப்போன டெக்குக்கு அது வழி இல்லை.

சரி, திறப்பது என்று முடிவானது. கரையேற்றி வைக்கும் இடத்தில் நாளுக்கு நாள் வாடகை ஓடும், மழைக்குக் கூரையும் கிடையாது. அதனால்தான் லாரி பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கொட்டகையிலிருந்து தார்ப்பாயை இழுத்து, படகுக்கு மேலே நன்றாக உயரத்தில் கட்டினேன். தாழ்வாகக் கட்டினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். காற்று இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

மேல்தோலை மட்டும் அறுக்க வேண்டும். கீழ்த்தோலில் ஒரு கீறல்கூட விழக்கூடாது, ஏனென்றால் புதிய வேலை முழுவதும் அதன் மேல்தான் உட்காரப் போகிறது. கிரைண்டரை எடுத்து நான் தயங்கி நின்றதை அப்பா கவனித்தார். அவர் ரப்பர்த் தோட்டத்தில் 40 வருடம் பட்டையைச் சீவிப் பால் வெட்டியவர். இப்போது முதுகு வளைந்துவிட்டது, கை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"இது நம்ம வேலதானே," என்றார். "பட்டைய வெட்டணும், மரத்துல காயம் படக்கூடாது. காயம் பட்டா அந்த எடத்துல முண்டு விழும், அடுத்த பட்ட ஒழுங்கா வராது. மரத்துக்கு முன்னால ஒரு மயிரிழை விட்டு நிக்கணும்."

பால் வெட்டுகிறவர்கள் உள்மரத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு நிறுத்துவார்கள். கண்ணால் பார்த்து இல்லை, கத்தி தடுக்கிற விதத்தில். டெக்கில் அந்த விதத்தை நான் கண்டுபிடித்தது இப்படி: முதலில் ஓரிடத்தில் துளை போட்டு மேல்தோலின் தடிமனை அளந்தேன். வட்டரம்பத்தின் ஆழத்தை 5 மில்லிமீட்டருக்குப் பூட்டினேன். நேரான கோடுகளுக்கு அது. வளைவுகளுக்கு, அதிர்ந்து அறுக்கும் மல்டி டூல். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபைபரில் ஓடும்போது கிறீச்சென்று ஒரு சத்தம், மரத்துக்குள் போனதும் அது தணிந்துவிடும். "போதும், உள்ள போயிட்ட," என்பார். இரண்டு மணி நேரம் அப்படிப் போனது. அவர் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வேலையில் இருந்த மாதிரி இருந்தார்.

ஒரு முக்கியமான விஷயம்: வெட்டுக்கோட்டை டெக்கின் ஓரத்திலோ, கூரைச் சுவர் ஏறும் மூலையிலோ கொண்டுபோய் வைக்காதீர்கள். பின்னால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கி ஒட்டுப் போட வேண்டும். அதற்கு நான்கு விரல் சமதளம் வேண்டும். வழுக்காமல் இருக்க அச்சடித்த புள்ளி வடிவம் டெக்கில் இருந்தால், அந்த வடிவத்துக்கும் வழவழப்பான பட்டைக்கும் நடுவே கோட்டைப் போடுங்கள். ஒட்டு வெளியே தெரியாது.

முன்பக்கத்துத் தோலைத் தட்டையான கடப்பாரையால் நெம்பினேன். ஊறிய பக்கம் மழையில் நனைந்த பட்டை மாதிரி தானாகவே எழும்பியது. நல்ல மரம் இருந்த ஓரத்தில் மட்டும் மெல்லிய உளி வைத்துத் தட்டித் தட்டிப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிடியைப் பார்க்கும்போதுதான், ஒழுங்காக ஒட்டிய டெக் என்ன பலம் என்று புரிந்தது. தோல் தூக்கியதும் வாடை வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். கோப்பையில் உறைந்த ரப்பர்ப் பாலை, கட்டிப்பாலை, சாக்கில் போட்டு மூன்று நாள் மழையில் விட்டால் வருமே, அந்தப் புளிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். அப்பா மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பிழிந்தார். காப்பித் தண்ணீர் நிறத்தில் விரல்களுக்கு நடுவே வழிந்தது. பிழிந்த பிறகு உள்ளங்கையில் இருந்தது மரமே இல்லை, நார்ச் சக்கை.

கிளீட்டுக்கு அடியில் இன்னொன்றும் கிடைத்தது. முன்பு ஏதோ ஒரு பட்டறையில் யாரோ அந்த இடத்தைத் திறந்து, அழுகலை எடுக்காமலே மேலே பட்டியைப் பூசி, பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். பழைய சொந்தக்காரர் அந்த வேலைக்குக் காசு கொடுத்திருப்பார். யார் என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. ஆனால் கோபம் வந்தது உண்மை. அந்தக் கிளீட்டில்தான் நங்கூரக் கயிறு கட்டுவார்கள். இரவில் காற்று அடிக்கும்போது ஒரு குடும்பத்தின் உயிர் அதில் தொங்கும்.

அழுகலைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல வெள்ளை மரம் தெரியும் வரை ஓரங்களை வெட்டிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் வெட்டுக்கோட்டையே ஒரு சாண் நகர்த்த வேண்டி வந்தது. பிறகு காத்திருப்பு. கொட்டகையில் இரண்டு ஃபேன், மாலையில் ஒரு ஹேலஜன் விளக்கு, மழை வந்தால் மூடுவது, வெயில் வந்தால் திறப்பது. மூன்று வாரம் ஆனது. உலர்ந்ததா என்று பார்க்க நான் செய்தது: ஓரத்து மரத்தின் மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் துண்டை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் பிளாஸ்டிக்கின் அடியில் பனி மாதிரி வேர்த்திருந்தால் இன்னும் ஈரம். நான்கு முறை வேர்த்தது. ஐந்தாம் முறை சுத்தமாக இருந்தது. இந்த மூன்று வாரம்தான் முழு வேலையிலும் மனதுக்குக் கஷ்டமான நாட்கள். கை பரபரக்கும். வாங்கி வைத்த சாமான் கண்ணெதிரே இருக்கும். பரபரத்துப் போய் மூடியிருந்தால், நான் கோபப்பட்ட அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது தப்பு இந்தக் கட்டத்தில் தெரிய வந்தது. மேல்தோலும் மரமும் போன பிறகு, கீழ்த்தோல் வெறும் இரண்டு மில்லிமீட்டர். அது தன் எடைக்கே நடுவில் ஒரு சென்டிமீட்டர் தொங்கிவிட்டது. டெக் நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் ஓட. தொங்கிய தோல் மேல் அப்படியே கட்டியிருந்தால் டெக்கில் ஒரு குளம் உருவாகியிருக்கும். அறுப்பதற்கு முன்பே, அந்த வளைவை ஒரு மெல்லிய பலகையில் வரைந்து வெட்டி அச்சு எடுத்து, படகுக்குள்ளிருந்து ஒட்டுப்பலகையும் முட்டுக்கட்டையும் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வழி மிஞ்சியிருந்தது. வலப்பக்கத்து டெக் கெடாமல் இருந்ததால் அங்கே அச்சு எடுத்து, அதைத் திருப்பிப் பிடித்து, உள்ளே காரின் ஜேக் வைத்து மெல்ல மெல்ல மேலே தூக்கினேன். சரியாக வந்தது. இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் திண்டாடியிருப்பேன்.

நடுப்பொருளுக்கு என்ன போடுவது என்று யோசித்தேன். ஃபோம் பலகை அழுகாது, ஆனால் இங்கே வாங்க வேண்டுமென்றால் வரவழைக்க வேண்டும், விலையும் அதிகம். மரைன் பிளைவுட் கிடைக்கும், ஆனால் எடை கூடும், ஈரம் உள்ளே போனால் நாரோடு நெடுந்தூரம் ஓடும். கடைசியில் பால்சாவையே போட்டேன். மரம் குற்றவாளி இல்லை, துளையைச் சரியாக அடைக்காததுதான் குற்றம் என்று எனக்குத் தோன்றியது. கிளீட் உட்காரும் இடத்தில் மட்டும் மரமே வைக்கவில்லை. ஃபைபர் துணியை அடுக்கி அடுக்கி, சூடு ஏறாமல் இருக்க மூன்று தடவையாக, 12 மில்லிமீட்டருக்கு முழுக்கட்டியாக வளர்த்தேன்.

என்னைப் போலப் பாலியஸ்டரில் பழகிய தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எப்பாக்ஸியை அந்தப் பழக்கத்தோடு தொடாதீர்கள். பாலியஸ்டரில் வேகமாகக் காய வேண்டுமென்றால் அதை இறுக வைக்கும் கெட்டலிஸ்டை ஒன்றுக்குப் பதில் இரண்டு சதவீதம் விடுவோம். எப்பாக்ஸியில் அது நடக்காது. ரெசினுக்கும் அதை இறுக்கும் ஹார்டனருக்கும் டின்னில் எழுதிய அளவு எதுவோ அதுதான். நான் வாங்கியது மூன்றுக்கு ஒன்று. கூட விட்டாலும் குறைத்து விட்டாலும் ரப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டே கிடக்கும். அந்த அளவு கொள்ளளவுக்கா எடைக்கா என்றும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றில்லை. வெப்பநாட்டுக்கென்று செய்த மெதுவான ஹார்டனரையே வாங்குங்கள். முதல் நாள் பழக்க தோஷத்தில் அரை லிட்டருக்கு மேல் ஒரே டப்பாவில் கலக்கிவிட்டேன். பகல் 33 டிகிரி. பத்து நிமிடத்தில் டப்பா கையில் சுட்டது, அப்புறம் புகைந்தது, பிளாஸ்டிக் சுருங்கியது. தூக்கி வெளியே மணலில் வைத்தேன். அதன்பிறகு சின்னச் சின்ன அளவாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினேன். ஆழமாக நின்றால்தான் அது தன் சூட்டிலேயே கொதிக்கும்.

துணியிலும் அதே எச்சரிக்கை. நாம் வழக்கமாகப் போடும், நறுக்கிய கண்ணாடி நாரால் ஆன சாப்ட் மேட்டில் நார்களைச் சேர்த்துப் பிடிக்கிற பசை, பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் பெரும்பாலும் கரையாது, மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாது. இரண்டு திசையில் ஓடும் நார்களைத் தைத்து வரும் பையாக்ஸியல் துணி வாங்க வேண்டும். நான் வாங்கியது சதுர மீட்டருக்கு 600 கிராம்.

கீழ்த்தோலை மணல் தாளால் சொரசொரப்பாக்கி, தூசியை உறிஞ்சி, அசிட்டோனால் துடைத்தேன். மரத்தை மூடும் வேலையை மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்கினேன். காரணம் இருக்கிறது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினில் குமிழியாக வெளியே வரும். மாலையில் சூடு இறங்கும்போது பூசினால் மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் கீழ்த்தோலுக்கும் பால்சாவின் அடிப்பக்கத்துக்கும் வெறும் ரெசின். பிறகு சிலிகாத் தூள் கலந்து, இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைத் தூக்கினால் நிற்கிற பதத்தில் குழைத்து, பல் வைத்த தகட்டால் வாரிப் பரப்பினேன். பால்சாத் தகட்டை வளைத்துப் பிடித்து அதன் கீறல்களிலும் குழம்பை அழுத்தினேன். மேலே பிளாஸ்டிக் விரித்து, அரிசிச் சாக்கில் மணல் கட்டி வரிசையாக அடுக்கினேன். மணல் மூட்டை வளைவுக்குத் தகுந்தபடி படியும், கல்லோ இரும்போ அப்படிப் படியாது. மறுநாள் எல்லா இடமும் தட்டினேன். 'டக் டக்.' அப்பாவும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

முன்பக்கத்துப் பெரிய தோலைப் பழையபடியே பயன்படுத்தினேன், அதன் புள்ளி வடிவம் நன்றாக இருந்ததால். அடிப்பக்கத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்து, ஒரு சாணுக்கு ஒன்றாகச் சின்னத் துளைகள் போட்டேன். குழம்பு பரப்பி அதை உட்கார வைத்து அழுத்தியபோது ஒவ்வொரு துளையிலும் குழம்பு புழு மாதிரி எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்காத துளைக்கு அடியில் காற்று நிற்கிறது என்று அர்த்தம், அங்கே இன்னொரு மூட்டை.

பிறகு ஒட்டு. தோலின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும். மூன்றரை மில்லிமீட்டருக்கு 42 மில்லிமீட்டர், வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும். ஆக, ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஆழமில்லாத வாய்க்கால் மாதிரி செதுக்கி, ஐந்து அடுக்குத் துணி வைத்தேன். அகலமான துண்டை முதலில் வைத்தேன். அப்போதுதான் சரிவு முழுவதையும் ஒரே துணி கவ்விப் பிடிக்கும், மேலே தேய்க்கும்போது அது அறுபடாது. ஸ்டாஞ்சியன் பக்கத்துச் சின்ன இடத்தில் பழைய தோல் நார் நாராகிவிட்டதால், முழுக்கப் புதுத் துணியால் கட்டினேன்.

அன்று இரவு மழை. காலையில் கை வைத்தால் மேலே மெழுகு தடவியது போல் வழவழப்பு. காற்றில் ஈரம் அதிகமானால் எப்பாக்ஸி வேர்க்கும். அதை அசிட்டோனால் துடைத்தால் பரவும், அப்படியே தேய்த்தால் தாளில் அப்பிக்கொள்ளும். சாதாரணத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுக் கழுவி, உலரவிட்டு, அதன்பிறகுதான் தேய்க்க வேண்டும். கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் அது ஒருநாள் உரிந்து வரும்.

தேய்க்கிற நாட்களில் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அப்பா பால் வெட்டப் போன காலத்துச் சட்டைகளை அம்மா எடுத்துக் கொடுத்தார். கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் முதலில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், சுடுதண்ணீர் கூடாது. எப்பாக்ஸி கையில் பட்டால் அசிட்டோனால் கழுவாதீர்கள், அது அதை உள்ளே கொண்டுபோகும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். பல வருடம் கையுறை இல்லாமல் வேலை செய்து, இப்போது டின்னைத் திறந்தாலே உடம்பெல்லாம் தடிக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தொழிலையே விட வேண்டியதாயிற்று.

இனி துளைகள். என்னைக் கேட்டால் டெக் வேலையில் பாதி இதுதான். போல்ட் 8 மில்லிமீட்டர் என்றால், மேலிருந்து 14 மில்லிமீட்டருக்குத் துளைத்து, மேல்தோலையும் மரத்தையும் தாண்டிக் கீழ்த்தோலில் நிறுத்தினேன். துளைச் சுவருக்கு முதலில் வெறும் ரெசின், மரம் குடித்து முடித்ததும் சிலிகாக் குழம்பால் நிரப்பினேன். இறுகிய பிறகு அதன் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. இனிமேல் பசை வெடித்துத் தண்ணீர் இறங்கினாலும் அது எப்பாக்ஸிக் குழாய் வழியாகப் படகுக்குள் சொட்டும், மரத்தைத் தொடாது. சொட்டினால் எனக்குத் தெரியும், தெரிந்தால் சரிசெய்வேன். துளையின் வாயை லேசாகக் குடைந்து, மெழுகு மாதிரி அமுங்கும் ஒட்டு நாடாவான பியூட்டைல் டேப்பை உருட்டிப் போல்ட்டின் கழுத்தில் சுற்றி வைத்தேன். மேலே போல்ட்டை ஒருவர் அசையாமல் பிடிக்க, கீழே நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட் சுற்றினால் பசை அறுந்துவிடும். ஒரே நாளில் முழுக்க இறுக்காமல், இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று மூன்று நாள். நட்டுக்கு அடியில் அகலமான தகடு. 83 துளையில் இதுவரை 61 முடிந்திருக்கிறது. போல்ட்டைப் பிடித்தது பெரும்பாலும் என் மகள்தான். பள்ளி விட்டு வந்து, யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு, "அப்பா, இன்னைக்கு எத்தன நட்டு?" என்று கேட்டபடி டெக்கில் ஏறிவிடுவாள்.

பெயிண்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. எப்பாக்ஸி மேல் பாலியஸ்டர் மேல்பூச்சான ஜெல்கோட்டை நான் நம்பவில்லை. பிரைமர் அடித்து, இரண்டு பாகம் கலக்கிற பாலியூரித்தேன் வெள்ளை அடித்தேன். கருநிறம் வேண்டாம், நம் வெயிலில் கால் வைக்க முடியாது, டெக்கும் வெந்துபோகும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. தார்ப்பாயைக் கழற்றி வைத்திருந்தேன், வேண்டுமென்றே. படகுக்குள் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். மேலே டெக்கில் மழை தடதடவென்று அடித்தது. சத்தம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே மாதிரி கூர்மையாக இருந்தது. வலப்பக்கம் வந்ததும், செயின்பிளேட்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் மழை அடங்கி ஒலித்தது, ஒரு தட்டு அளவுக்கு. மறுநாள் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் கோடு போட்டு, அங்கிருந்த பழைய திருகாணிகளைக் கழற்றி, துளைகளை டேப்பால் மூடியிருக்கிறேன். வருடக் கடைசி மழை முடியட்டும், தைப்பூசத்துக்கு அப்புறம் திறக்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வானத்தைப் பார்ப்பதில் அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் கணக்கு. இந்தத் தடவை அச்சும் எடுத்தாயிற்று, முட்டுக்கட்டையும் வெட்டி வைத்தாயிற்று.